மாசமாக இருக்கும்போது நடக்கலாமா, குனியலாமா, வேலை செய்யலாமா? தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண்கள் கேட்கும் கேள்விகள்

தருமபுரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். அம்மா வீடு பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம். நானும் இரண்டு பிள்ளை பெற்றவள்தான். இடுப்பு வலி என்று வரும் கர்ப்பிணிகள் வலியைப் பற்றிப் பேசி முடித்து, எழுந்து கதவு வரைக்கும் போய், திரும்பி வந்து "அக்கா, இன்னொன்னு கேக்கணும்" என்பார்கள். அந்தக் கதவோரக் கேள்விகள்தான் இவை. ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் எழுதியிருப்பதும் உங்களைப் பார்க்கும் டாக்டர் சொன்னதும் வேறு வேறாக இருந்தால் டாக்டர் சொன்னதையே கேளுங்கள். உங்கள் ஸ்கேனைப் பார்த்தவர் அவர்.

இப்போது இரண்டாவது மாசம். நடந்தால், மாடிப்படி ஏறினால் கரு கலைந்துவிடுமா?

கலையாது. ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் பாதி அளவுக்காவது காரணம் கருவின் குரோமோசோமிலேயே இருக்கும் கோளாறுதான். அம்மா என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் அது நடந்திருக்கும். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "அன்னைக்கு அரூருக்கு பஸ்ல போனேன்க்கா, அதனாலதான் போயிடுச்சு" என்று பல வருஷம் கழித்தும் தன்னையே குறை சொல்லிக்கொள்ளும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாரத்தை யாரும் சுமக்க வேண்டாம்.

பிரச்சினை எதுவும் இல்லாத கர்ப்பத்தில் மிதமாக உடம்பை அசைப்பதால் கரு கலைவதோ குறைமாதத்தில் பிறப்பதோ கூடுவதில்லை. சுகர் வருவதும், பிபி ஏறுவதும், எடை அளவுக்கு மீறிக் கூடுவதும்தான் குறைகின்றன. அசையாமல் படுத்தே கிடப்பதிலும் ஆபத்து உண்டு. கர்ப்ப காலத்தில் ரத்தம் இயல்பாகவே சீக்கிரம் உறையும், அதோடு காலையும் அசைக்காமல் வைத்திருந்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு வருவதற்கு வாய்ப்பு கூடுகிறது. என் தலைப்பிரசவத்தின்போது வீட்டில் என்னைக் கட்டிலை விட்டே இறங்க விடவில்லை. எல்லாம் பாசம்தான். எட்டாவது மாசம் வளைகாப்பு அன்று மணையில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருக்க முடியாமல் தொடை நடுங்கியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இரண்டாவது பிள்ளைக்கு எட்டு மாசமும் நடந்தேன்.

நாள் முழுக்க வீட்டு வேலை, காட்டு வேலை செய்கிறேன். இதற்கு மேலும் உடற்பயிற்சி எதற்கு?

நம்ம ஊரில் அதிகம் பேசவேண்டிய கேள்வி இதுதான். ஒரு பக்கம், கர்ப்பம் என்று தெரிந்ததும் படுக்கையில் போடுகிறார்கள். இன்னொரு பக்கம், ஒன்பதாம் மாசம் வரை தக்காளித் தோட்டத்தில் குனிந்த இடுப்பு நிமிராமல் வேலை வாங்கிவிட்டு, "நல்லா வேலை செய்யறா, சுகப்பிரசவம் ஆயிடும்" என்கிறார்கள். இரண்டுமே தப்பு. களைப்பைத் தரும் வேலை வேறு, உடம்புக்கு உதவும் அசைவு வேறு.

எப்படி வேறு என்றால், காலையில் கேழ்வரகுக் களி கிண்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். குண்டானை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, அது நகராமல் அதை அணைக்கும் கட்டையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் துடுப்பை வளைத்து வளைத்துக் கிண்டுகிறீர்கள். அந்த நேரத்தில் மூச்சை விடுகிறீர்களா என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்திருப்பீர்கள். முதுகு வளைந்திருக்கும், வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும், கால் அசையாது. கை ஓய்ந்துபோகும், ஆனால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் காலுக்கும் பயிற்சி கிடைத்திருக்காது. நடைப்பயிற்சியில் இது நேர்மாறு. முதுகு நிமிர்ந்திருக்கும், மூச்சு சீராகப் போகும், கெண்டைக்கால் ஒவ்வொரு அடிக்கும் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும். முடித்து உட்கார்ந்தால் உடம்பு லேசாக இருக்கும். வேலை முடிந்து உட்கார்ந்தாலோ எழுந்திருக்கவே மனசு வராது.

அதனால் களைத்துப் போகும் பெண்ணிடம் "இன்னும் ஒரு மணி நேரம் நட" என்று நான் சொல்வதில்லை. முதலில் பாரமான வேலையைக் குறைக்கச் சொல்கிறேன். தண்ணீர்க் குடத்தை ஒரு பக்க இடுப்பில் வைத்துக்கொண்டு வருவதை நிறுத்திவிட்டு இரண்டு சின்ன வாளியாகப் பிரித்து இரண்டு கையிலும் எடுங்கள், ஆறாம் மாசத்துக்கு மேல் அதையும் வேறு யாராவது எடுக்கட்டும். மல்பெரித் தழைக் கட்டைத் தலையில் தூக்குவது, மாங்காய்க் கூடையை டிராக்டரில் ஏற்றுவது எல்லாம் வேண்டாம். மருந்து அடிக்கும் நாளிலும் அடுத்த சில நாட்களும் தோட்டத்துப் பக்கமே போகாதீர்கள். களி கிண்ட வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள், கை வலுவுள்ள யாரும் செய்யக்கூடிய வேலைதான். இப்படி மிச்சமாகும் தெம்பில் இருபது நிமிஷம் நிமிர்ந்து நடந்தால் போதும்.

எவ்வளவு நேரம் நடக்கவேண்டும்? அதிகமாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வேறு சிக்கல் இல்லாத கர்ப்பிணிகளுக்கு வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று சொல்கிறது. பிரித்துப் பார்த்தால் வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு 30 நிமிஷம். ஒரே மூச்சில் முடிக்கவேண்டும் என்று இல்லை, காலையில் 15, சாயங்காலம் 15 என்று நடந்தாலும் சரிதான். இதுவரை நடந்தே பழக்கம் இல்லாதவர்கள் முதல் வாரம் ஐந்தே நிமிஷம் நடங்கள், அப்புறம் வாரத்துக்கு ஐந்து நிமிஷமாகக் கூட்டிக்கொண்டே போங்கள்.

அளவு பார்க்க வாட்ச் எதுவும் தேவையில்லை. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் சரியான வேகம். பாட்டே பாட முடிகிறது என்றால் கொஞ்சம் வேகம் கூட்டலாம். வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் உடனே வேகத்தைக் குறையுங்கள். கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் ரத்தத்தின் அளவு நாற்பது ஐம்பது சதவீதம் வரை கூடுகிறது, சும்மா இருக்கும்போதே இதயம் முன்பைவிட வேகமாகத் துடிக்கிறது. படி ஏறும்போது முன்பைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்குவது இதனால்தான், பயப்பட வேண்டாம்.

யாரெல்லாம் பயிற்சியே செய்யக்கூடாது?

நஞ்சு கீழே இறங்கியிருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லியிருந்தால், கர்ப்பப்பை வாய் திறந்துகொள்கிறது என்று தையல் போட்டிருந்தால், ரத்தக்கசிவு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தால், பனிக்குட நீர் கசிந்தால், பிபி ஏறி சிறுநீரில் புரதம் போனால், இந்தக் கர்ப்பத்தில் குறைமாத வலி வந்து நின்றிருந்தால், இதய நோயோ கடுமையான நுரையீரல் நோயோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்கக்கூடாது. வயிற்றில் இரட்டைப் பிள்ளை என்றாலும், முன்பு குறைமாதத்தில் பிறந்திருந்தாலும் கேட்டுவிட்டே தொடங்குங்கள். கேட்பதற்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கர்ப்பிணிகளுக்கென்றே இலவசப் பரிசோதனை உண்டு. தாய் சேய் நல அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு போய், "நான் நடைப்பயிற்சி செய்யலாமா?" என்று நேராகக் கேளுங்கள்.

ரத்தம் கம்மி என்று நர்சம்மா சொன்னார். நடக்கலாமா?

எவ்வளவு என்று கேட்டீர்களா? அட்டையில் ஹீமோகுளோபின் என்று ஒரு எண் எழுதியிருப்பார்கள், அதைப் பாருங்கள். கர்ப்பத்தில் 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 10-க்கு மேல் 11-க்குள் என்றால் மாத்திரையோடு வழக்கம்போல மெதுவாக நடக்கலாம். 7-க்கும் 10-க்கும் நடுவே என்றால் டாக்டர் சொல்லும்வரை வீட்டைச் சுற்றி நடப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சிலருக்கு இரும்புச்சத்தை ஊசி வழியாகவே ஏற்றவேண்டி வரும். 7-க்குக் கீழ் என்றால் நடைப்பயிற்சிப் பேச்சே இப்போது வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

நம்ம பக்கத்தில் ரத்தசோகைக்கும் செருப்புக்கும் தொடர்பு உண்டு, பலருக்கு இது தெரியாது. கொக்கிப்புழு என்று ஒன்று மண்ணிலிருந்து வெறுங்கால் தோல் வழியாக உள்ளே போய் குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சும். தோட்டத்துக்கானாலும் கொல்லைப்பக்கத்துக்கானாலும் செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள். பூச்சி மாத்திரையை நர்சம்மா கொடுக்கும் மாதத்தில் தவறாமல் போடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போட்டால் உடம்பில் ஒட்டாது. கால்சியம் மாத்திரையையும் அதையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள், நடுவில் சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். கேழ்வரகில் கால்சியம் நிறைய இருக்கிறது, அதனால் களியைக் கிண்ட வேண்டாம் என்றுதான் சொன்னேன், சாப்பிட வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெயில் கொளுத்துகிறதே, எங்கே எப்போது நடப்பது?

பங்குனி, சித்திரை, வைகாசியில் தருமபுரி, காவேரிப்பட்டணம், ஊத்தங்கரைப் பக்கம் காலை எட்டு மணிக்கு மேல் நடக்காதீர்கள். உடம்புச் சூடு அளவுக்கு மீறி ஏறுவது குழந்தைக்கு நல்லதில்லை, அதிலும் முதல் மூன்று மாசம் ரொம்பக் கவனமாக இருக்கவேண்டும். ஆறு மணிக்குக் கிளம்பி ஆறரைக்குத் திரும்பிவிடுங்கள், இல்லையென்றால் சூரியன் சாய்ந்த பிறகு நடங்கள். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கு வெயில் அவ்வளவு தொந்தரவு இல்லை. ஆனால் மார்கழி, தையில் காலைப் பனியில் வழுக்கும், அங்கே கொஞ்சம் விடிந்த பிறகே கிளம்புங்கள்.

இடம் சமதளமாக இருக்கட்டும். பள்ளிக்கூட மைதானம், கோயில் பிராகாரம், மொட்டை மாடி, எதுவுமே இல்லாவிட்டால் வீட்டு வாசலில் ஐம்பது அடி போய்த் திரும்புவதும் நடைதான். நெடுஞ்சாலை ஓரம் வேண்டவே வேண்டாம். நாய்த் தொல்லை உள்ள தெருவில் தனியாகப் போகாதீர்கள், பயந்து ஓடி விழுவதுதான் பெரிய ஆபத்து.

போவதற்கு முன்னால் ஒரு டம்ளர், வந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர். அதிலும் நம்ம இரண்டு மாவட்டத்துக்கும் ஒரு தனிக்கதை உண்டு. பல ஊர்களில் போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், பல்லில் கறையும் மூட்டில் இறுக்கமும் அதனால் வருவதுதான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான், 2013-இல் தண்ணீர் விட்டார்கள். குடிக்கவும் சமைக்கவும் அந்தக் குழாய்த் தண்ணீரையே பிடித்து வையுங்கள், போர்வெல் தண்ணீரைத் துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது.

நடப்பதைத் தவிர வேறு என்ன செய்யலாம்?

நான் எல்லோருக்கும் முதலில் சொல்லித்தருவது நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுதான். ஆடாத நாற்காலியாகப் பார்த்துச் சுவரில் ஒட்டிப் போடுங்கள். காலை இடுப்பு அகலத்துக்கு விரித்து, பாதம் முழுக்கத் தரையில் படும்படி உட்காருங்கள். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே, குதிகாலை அழுத்தி, கையை ஊன்றாமல் எழுங்கள். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே மெதுவாக, தொப்பென்று விழாமல், உட்காருங்கள். எட்டு முறை செய்தால் தொடை வேலை செய்வது தெரியும். பிரசவ நேரத்தில் இந்தத் தொடை வலு உதவும், பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்போதும் உதவும்.

அடுத்தது இடுப்புக்கு. கையும் முழங்காலும் ஊன்றி மாடு நிற்பதுபோல் நின்று, மூச்சை விடும்போது முதுகை மேலே வளைத்து, இழுக்கும்போது சமமாக்கவேண்டும், வயிறு கீழே தொங்குமளவுக்குத் தளரவிடக்கூடாது. யோகாவில் பூனை ஆசனம் என்பார்கள். யோகா தெரிந்தவர்கள் தொடரலாம், ஆனால் தலைகீழாக நிற்பது, குப்புறப் படுத்துச் செய்வது, வயிற்றை முறுக்குவது, கபாலபாதி மாதிரி வேகமாக மூச்சுவிடுவது, மூச்சை அடக்குவது ஆகியவற்றை விட்டுவிடுங்கள்.

மூன்றாவதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, நானேதான் சொல்கிறேன். தும்மினால், சிரித்தால் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் போகிறதா? வெட்கப்பட ஒன்றுமில்லை, நிறையப் பேருக்கு இருக்கிறது. சிறுநீரை அடக்குவதுபோலக் கீழ்த்தசையை உள்ளே, மேலே இழுத்து ஐந்து எண்ணும்வரை பிடித்து விடுங்கள். மூச்சு ஓடிக்கொண்டே இருக்கட்டும். பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. பஸ்ஸில் உட்கார்ந்தே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது இதைச் செய்யாதீர்கள்.

மல்லாந்து படுத்துச் செய்யலாமா?

நான்காம் மாசம் தாண்டியதும் வேண்டாம். கர்ப்பப்பையின் பாரம் முதுகெலும்புப் பக்கம் ஓடும் பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, தலை சுற்றும், குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையும். தூங்கும்போது இடது பக்கமாகப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள். நடுராத்திரி விழித்து மல்லாந்து கிடந்தால் பதறாமல் திரும்பிப் படுத்தால் போதும். எழும்போது நேராக எழாமல் பக்கவாட்டில் திரும்பி, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழுங்கள்.

ராத்திரி கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறதே?

முழங்காலை நீட்டி, கால் விரல்களை உங்கள் முகத்தைப் பார்க்கும்படி இழுத்துப் பிடியுங்கள், ஒரு நிமிஷத்தில் விடும். படுக்கப்போகும் முன் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்துக் குதிகாலைத் தரையில் அழுத்தி நில்லுங்கள். ஆனால் ஒரே ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, வலி என்றால் அது இழுப்பு இல்லை. ரத்தக்கட்டாக இருக்கலாம். தேய்க்காமல், எண்ணெய் போட்டு நீவாமல், அன்றே டாக்டரிடம் போங்கள்.

ஓசூரில் கம்பெனி வேலை, எட்டு மணி நேரம் நின்றபடி. இதுவே பயிற்சிதானே?

இல்லைம்மா. நிற்பது நடப்பது ஆகாது. அசையாமல் நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கும், வீக்கமும் மயக்கமும் அதனால்தான். நின்ற இடத்திலேயே அரை மணிக்கு ஒருமுறை இருபது தடவை குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். ஒரு காலைச் சின்ன முக்காலியில் மாற்றி மாற்றி வைத்தால் இடுப்புக்கு ஆறுதல். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றித்தரும்படி டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். முதல் இரண்டு பிள்ளைக்குப் பேறுகால விடுப்பு 26 வாரம், அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னாலேயே எடுக்கலாம். சீசனில் மாங்கூழ் தொழிற்சாலைக்குப் போகும் பெண்களுக்கும் இதே பயிற்சிதான். அங்கே தரை ஈரமாக இருக்கும், வழுக்காத செருப்பு முக்கியம்.

சுகர் இருக்கிறது என்கிறார்கள்.

75 கிராம் குளுக்கோஸ் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள், 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகால சுகர். உங்களுக்கு நடைதான் பாதி மருந்து. ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால், சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையைத் தசை எடுத்துக்கொள்கிறது. இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றில் நடக்காதீர்கள், முந்தானையில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் மாசம் உட்கார்ந்து வீடு துடைத்தால் சுகப்பிரசவம் ஆகுமா?

குந்தி உட்கார்வது இடுப்பெலும்பைக் கொஞ்சம் விரித்துக் கொடுக்கும் என்பது உண்மை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முடிந்த அளவு குந்தி எழுவது நல்லதுதான், நஞ்சு கீழே உள்ளவர்களைத் தவிர. ஆனால் ஈரத் தரையில், குந்தியபடியே நகர்ந்து நகர்ந்து மூன்று அறை துடைப்பது வழுக்கி விழுவதற்கான வழி. அப்புறம், இவ்வளவும் செய்தும் சிலருக்கு ஆபரேஷன் ஆகும். தலை திரும்பாமல் இருக்கலாம், குழந்தையின் துடிப்பு குறையலாம். அப்படி ஆனால் "நீ வேலை செய்யாததால்தான்" என்று யாரும் அந்தப் பெண்ணிடம் சொல்லாதீர்கள்.

நடுவில் எப்போது நிறுத்தவேண்டும்?

ரத்தம் பட்டால், தண்ணீர் கசிந்தால், வயிறு விட்டுவிட்டு இறுகி வலித்தால், தலை சுற்றினால், நெஞ்சு வலித்தால், நடக்கத் தொடங்கும் முன்பே மூச்சு வாங்கினால், தலைவலி மண்டையைப் பிளந்தால், கண் மங்கினால் அந்த இடத்திலேயே உட்காருங்கள். வீட்டுக்கு நடந்து போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். ஏழாம் மாசத்திலிருந்து குழந்தை அசைவையும் கவனியுங்கள். சாப்பிட்டுவிட்டு இடப்பக்கம் படுத்து எண்ணினால் இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவாவது தெரியவேண்டும். குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆம்புலன்ஸ் வந்து சேரவே நேரமாகும். நிறைமாசத்தில் கீழே சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிடுங்கள். பிரசவத்துக்கு முன்பே தங்குவதற்கு எந்த சுகாதார நிலையத்தில் அறை இருக்கிறது என்று நர்சம்மாவிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

மாமியார் வெளியே நடக்க விடமாட்டேன் என்கிறார்.

அவருக்குப் பயம். அவர் காலத்தில் பிள்ளையை இழந்த வீடுகள் எத்தனையோ. சண்டை போடாமல் அடுத்த செக்கப்புக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய், டாக்டர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அப்புறம் "அத்தை, தனியா போகப் பயமா இருக்கு, நீங்களும் வாங்க" என்று கூப்பிடுங்கள். பென்னாகரம் பக்கத்திலிருந்து என்னிடம் வந்த ஒரு பெண் அப்படித்தான் கூப்பிட்டாள். ஏழாம் மாசம் தொடங்கிய நடை. பிள்ளை பிறந்து இரண்டு வருஷம் ஆகிறது, அந்த அத்தை தன் முட்டி வலிக்கு நல்லது என்று இன்னும் காலையில் ஆறு மணிக்குக் கிளம்பிவிடுகிறார்.

பிரசவத்துக்குப் பிறகு எப்போது தொடங்கலாம்?

சுகப்பிரசவம் என்றால் அடுத்த நாளே அறைக்குள் நடக்கலாம், கீழ்த்தசைப் பயிற்சியையும் வலி இல்லாத அளவுக்கு ஆரம்பிக்கலாம். ஆபரேஷன் ஆனவர்களும் டாக்டர் எழுப்பிவிட்டதும் மெல்ல நடக்கவேண்டும், ரத்தக்கட்டு வராமல் இருக்க அதுதான் வழி. குடம் தூக்குவது, கிண்டுவது, வயிற்றுப் பயிற்சி எல்லாம் ஆறு வாரத்துக்கு மேல், தையலை டாக்டர் பார்த்த பிறகு. அதுவரைக்கும் உங்கள் பிள்ளையை விடக் கனமான எதையும் தூக்காதீர்கள்.